கீழ்வீட்டுத் தேனீ

கீழ்வீட்டு ஏர்கூலருக்குள் தேனீக்கள் குடியேறிவிட்டன என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குப் பிடித்த சின்ன வெங்காயக் குழம்பு வைத்திருந்தாள். நான் விரலால் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏண்டி, எந்தச் சொத்து போச்சுன்னு இப்புடி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததுக்கா சோத்துல பிளான் வரைஞ்சிட்டு இருக்க?”

நாங்கள் பெரம்பலூரில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு மாடிவீட்டில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர், மேலே நானும் அம்மாவும். அப்பா முந்திரித் தோப்பை விட்டு நகரமாட்டேன் என்று உடையார்பாளையத்திலேயே இருக்கிறார். வீட்டுக்காரர் என்று சொன்னாலும் அவருக்கு என்னைவிடச் சில வயதுதான் கூடுதல் என்பதால் எனக்கு அவர் அக்கா. சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அவர் கணவர் குவைத்தில் இருக்கிறார். விடுப்பு கிடைக்கும்போது வந்துபோவார். நான் தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் அரியலூருக்குப் போய், ஒரு சிமென்ட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறேன். படித்தது சிவில் இன்ஜினியரிங்.

எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். மளிகைக்குப் பட்டியல் உண்டு, பொறாமைக்கும் உண்டு. அக்காமேல் எனக்கிருந்த பொறாமையின் பட்டியல் தேனீ வருவதற்கு முன்பே நீளமானது. அவர் சும்மா குத்திவைத்த கறிவேப்பிலைக் கன்று ஜன்னல் உயரம் வந்துவிட்டது. நான் மண் கலந்து, அளந்து தண்ணீர் ஊற்றியது காய்ந்துபோனது. அவர் வீட்டுத் தயிரைக் கத்தியால் வெட்டலாம்; எங்கள் வீட்டுத் தயிர் நூலாக ஓடும். உறைமோருக்கு அம்மா தினமும் படியிறங்கிப் போவாள், போனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஏறி வருவாள். தெருவில் யார் புதிதாகக் கடை போட்டாலும் முதல் போணிக்கு அக்காவைத்தான் கூப்பிடுவார்கள்.

“அந்தப் பொண்ணு கை அப்புடி. கைராசி” என்பாள் அம்மா. பாலின் சூடு, உறைமோரின் அளவு என்று நான் விளக்குவேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போவாள்.

தேனீ மட்டும்தான் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருந்தது. தேனீ என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னையில் கட்டட வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். அங்கே என் பக்கத்து நாற்காலிக்காரி தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே தேனீப் பெட்டி வைத்திருந்தாள். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கீழே சாலையில் மாநகரப் பேருந்துகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் கையுறைகூட இல்லாமல் மூடியைத் திறந்து, ஒரு மரச்சட்டத்தை வெளியே தூக்கினாள். சட்டம் முழுக்கத் தேனடை, அடை முழுக்கத் தேனீ. அவை அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் விரல்மேல் ஏறி, அதுவும் சட்டத்தின் ஒரு பாகம் என்பதுபோல் கடந்துபோயின. எனக்குத் தேன்மேல் அவ்வளவாக ஆசை வரவில்லை. அப்படி ஓர் உயிர் என்னையும் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஆசை வந்தது.

“ஊர்ப்பக்கம் மருந்தடிச்சே கொன்னுடுறாங்க. டவுனுக்குள்ளதான் இதுக்கு வருஷம் பூரா பூ கிடைக்கும்” என்று அவள் சொன்னாள்.

அரியலூரில் வேலை கிடைத்துப் பெரம்பலூரில் குடியேறியதும் நான் செய்த முதல் காரியம், எங்கள் தெருவில் என்னென்ன பூக்கிறது என்று பார்த்துவைத்ததுதான். பெரம்பலூர் சென்னை இல்லை. ஆனாலும் முருங்கை இருந்தது, வேம்பும் புங்கனும் இருந்தன, ஆஸ்பத்திரிப் பக்கம் தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன, பாதி வீடுகளில் துளசி இருந்தது. போதும் என்று தோன்றியது. ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். மொட்டைமாடியில் பெட்டி வைக்க அக்காவிடம் அனுமதி கேட்டேன்.

“கொட்டாதுல்ல?”

“நாம தொந்தரவு பண்ணலைன்னா கொட்டாதுக்கா.”

“அப்பச் சரி. தேன்ல ஷிஃபா இருக்கு, எல்லா நோய்க்கும் மருந்து. வெச்சுக்க புள்ள. எங்க வூட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு பாட்டில் குடுத்துரு.”

தீபாவளி முடிந்து பெட்டியும் அதற்குள் ஒரு தேனீக் குடும்பமும் வந்தன. எறும்பு ஏறாமலிருக்க, பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். வெயிலுக்குக் கீற்றுத்தட்டி, குடிக்கக் கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டு, திறக்கும்போது போட்டுக்கொள்ள வலை வைத்த தொப்பி, புகை காட்டத் தேங்காய் நார். ஒன்றையும் விடவில்லை. அதைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். அவளும் தன் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினாள்.

அங்கேதான் ஆரம்பித்தது. அவள் படத்தில் சட்டமே தெரியாத அளவுக்குத் தேனீ. என் சட்டத்தில் பாதி மரம் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தேன், கொஞ்சம் கூடியிருந்தது. அவளிடமிருந்து இன்னொரு படம் வந்தது, மறுபடி திறந்தேன். ராணி இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, புதிய அடை எவ்வளவு, மகரந்தம் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஆய்வகத்தில் அப்படித்தான்: எவ்வளவு அடிக்கடி மாதிரி எடுக்கிறோமோ அவ்வளவுக்குத் தரம் நம் கையில். வேலை நாட்களிலும் பஸ்ஸுக்கு முன் ஓடிப்போய் மூடியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

பொங்கல் முடிந்த வாரம் ஆய்வகத்தில் இருந்தபோது அம்மாவின் போன் வந்தது.

“உன் தேனீயெல்லாம் கெளம்பிடுச்சுடி!”

“எங்க கெளம்பிடுச்சு?”

“எங்கிட்ட சொல்லிட்டா போகும்? மாடியில வத்தல் காயப்போடப் போனேன். ‘கொய்ங்’னு ஒரே சத்தம். புகை மாதிரி மேல எழும்பி, தெருவத் தாண்டிப் போயிடுச்சு. நான் நில்லு நில்லுன்னேன்.”

மாலையில் பெட்டியைத் திறந்தபோது வெற்று அடைகளும் வழிதவறிய நாலைந்து தேனீக்களும் இருந்தன. நம் நாட்டுத் தேனீ அப்படித்தான். இடம் பிடிக்கவில்லையென்றால் ராணியைக் கூட்டிக்கொண்டு மொத்தமாகக் காலி செய்துவிடும். சென்னைக்காரியிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த வாரமே அக்கா படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

“தங்கச்சி, எங்க கூலருக்குள்ள உங்க ஆளுங்க வந்து தங்கியிருக்காங்க போல. வந்து பாரேன்.”

அந்தக் கூலர் போன கோடையிலேயே மோட்டார் நின்றுபோய், வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், அக்காவின் சமையலறை ஜன்னலுக்குக் கீழே கிடந்தது. தூசி விழாமலிருக்க யாரோ உறவுக்காரர் கல்யாணத்தின் பிளெக்ஸ் பேனரை அதன்மேல் போர்த்திச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார் அக்கா. பேனரில் மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் பேனர் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகத் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. போகிறவை வேகமாக, வருகிறவை கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டைகளோடு கொஞ்சம் தள்ளாடி. நல்ல குடும்பத்தின் எல்லா அடையாளங்களும் இருந்தன.

அவை என் தேனீக்கள்தானா? ஆம் என்பதற்கு: போய்ச் சேர்ந்த இடம் தெரியாது, வந்த நேரம் பொருந்துகிறது, ஒரு குடும்பத்தின் அளவும் பொருந்துகிறது. இல்லை என்பதற்கு: தெருவைத் தாண்டிப் போனதை அம்மா கண்ணால் பார்த்தாள். தேனீக்கு ஒரே முகம், நிரூபிக்க வழியில்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நான் தேக்குப் பெட்டி கொடுத்தேன், அவை ஓட்டைக் கூலரையும் கோட்டுப் போட்ட மாப்பிள்ளையையும் தேர்ந்தெடுத்துக்கொண்டன.

அதன்பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் சந்தில் யாராவது நின்றிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், பால்காரர், அக்காவின் நாத்தனார். அக்கா கணவருக்கு வீடியோ காலில் காட்டுவார். “இங்க பாருங்க, நம்ம தேனீ. பாருங்க எப்படிப் போகுதுன்னு.” நம்ம தேனீ! அவர் அதற்கென்று ஒன்றும் செய்யவில்லை. அதன் பக்கத்திலேயே துணி காயப்போட்டார், குக்கர் விசில் விட்டார், ஜன்னல் வழியாகக் கழுநீர் கொட்டினார். அவரை ஒரு தேனீகூடக் கொட்டவில்லை. அம்மா இப்போது உறைமோர் வாங்காத நேரத்திலும் கீழே போய் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“மேல நம்ம பெட்டி இருந்தப்ப ஒரு நாளாவது உட்காந்து பாத்தியாம்மா?”

“அங்க வெயிலு. அதுவுமில்லாம நீ மூடியத் தெறந்து தெறந்து மூடிட்டு இருப்ப, பயமா இருக்கும். இங்க அதுபாட்டுக்கு இருக்கு.”

ஒரு மாலை நான் கிழிசலுக்கு நேராகக் குனிந்து, உள்ளே அடை எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று போன் வெளிச்சத்தில் பார்த்தேன். இமைமேல் ஒரு கொட்டு. அக்கா சிரித்துக்கொண்டே சுண்ணாம்பு எடுத்துவந்து தடவினார்.

“உன்னையத்தான் அடையாளம் தெரிஞ்சிருக்கு பாரு. ‘பழைய ஹவுஸ் ஓனர் வந்துட்டாடா’ன்னு கொட்டிருச்சு.”

அம்மாவும் சிரித்தாள். மறுநாள் ஒரு கண் வீங்கிய நிலையில் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தபோது, வலியைவிட அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. எனக்கு அந்தத் தேனீக்கள் வேண்டும். அவை என் மாடிக்கு, என் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அதைத் தவிர அந்த நாட்களில் நான் வேறெதையும் விரும்பியதாக நினைவில்லை.

பிறகு அது நடப்பதற்கு வழி தானாகவே வந்தது. நோன்புக்கும் பெருநாளுக்கும் சேர்த்து அக்காவின் கணவர் விடுப்பில் வருவதாக இருந்தது. வெயில் அதற்குள்ளேயே ஏறிவிட்டது.

“நோம்பு நேரத்துல இந்த வெக்கையில கூலர் இல்லாம எப்புடி, நான் வர்றதுக்குள்ள ரிப்பேர் பண்ணி வைங்கறாரு” என்றார் அக்கா. “தேனீ இருக்கேன்னா, ஆள வெச்சுப் பந்தம் கொளுத்தி வெரட்டுங்கறாரு. எனக்கு மனசு கேக்கல புள்ள. நீ எடுத்துக்கறியா? நீதான் ட்ரெய்னிங்கெல்லாம் போயிருக்கியே.”

கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றேன். உள்ளே குதித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மாலை என்று முடிவானது. ஞாயிறு காலை மெக்கானிக் லோடு ஆட்டோ கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். மாடிப் பெட்டியை இறக்கிச் சந்தில் வைத்தேன். வாழைநார், கத்தி, காலிச் சட்டங்கள், புகைக்குத் தேங்காய் நார், தண்ணீர், துணி. பேனரை அவிழ்த்து, கூலரின் பின்பக்கத் தடுப்பை எடுத்தபோது நானே ஒரு கணம் நின்றுவிட்டேன். மேல் தகட்டிலிருந்து வரிசையாக அடைகள் தொங்கின, விசிறி இறக்கையைக்கூட ஒன்று தொட்டுக்கொண்டிருந்தது. அடையின் வெண்மை அப்படி. என் பெட்டியில் அத்தனை மாதத்தில் அவை இப்படிக் கட்டியதே இல்லை. மறுபடியும் அந்த எரிச்சல் வந்தது. வேலையைப் பார்த்தேன்.

சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். புகை காட்டி, ஒவ்வோர் அடையாக வெட்டி, தேனீக் குஞ்சுப் புழுக்கள் இருந்தவற்றைச் சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினேன். மோட்டாருக்குப் பின்னாலிருந்த அடையில் ராணி ஓடியது. நீளமாக, அவசரமாக. அதைப் பெட்டிக்குள் விட்டதும் மற்றவை மெல்ல மெல்லப் பின்தொடர்ந்து வாசலில் ஊர்ந்து ஏறின. அதைப் பார்ப்பதற்காகவே தேனீ வளர்க்கலாம். தேன் இருந்த துண்டு அடையைத் தட்டில் வைத்து அக்காவிடம் கொடுத்தேன். ஜன்னல் வழியாக ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, “மாஷா அல்லாஹ்” என்றார். தட்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அவரிடம் பேசிக்கொண்டே தின்றாள்.

மக்ரிப் பாங்கு சொல்லி இருட்டியதும் வாசலை வலையால் அடைத்து, பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போனேன். எங்கே வைப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். பயிற்சியில் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார்கள்: தேனீக்கள் தங்கள் வாசல் இருக்கும் இடத்தை மனதில் பதித்துவைத்திருக்கும்; பெட்டியை நகர்த்தினால் ஓரிரு அடி நகர்த்து, இல்லையென்றால் சில கிலோமீட்டர் தள்ளி எடுத்துப்போ, இடையில் எங்கும் வைக்காதே. எனக்கு அது மறக்கவில்லை. அதனால்தான் மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரமாக, கூலர் இருந்த இடத்துக்கு நேர் மேலே வைத்தேன். ஒரு நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுக்கூடப் பார்த்தேன். வாசல் பார்த்த திசையும் அதேதான். மேலிருந்து பார்த்து வரைகிற பிளானில் கூலரும் பெட்டியும் ஒரே புள்ளி. நகர்த்திய தூரம் பூஜ்யம்.

வருஷக்கணக்காகப் பிளான் வரைந்த கைக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை.

ஞாயிறு காலை வலையை எடுத்தேன். தேனீக்கள் வெளியே வந்து, கொஞ்சம் வட்டமிட்டு, பறந்தன. நான் காபியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே லோடு ஆட்டோ வந்து கூலரை ஏற்றிக்கொண்டு போனது. என் காபி ஆறியது. போனவை திரும்பவில்லை. வாசலில் இளம் தேனீக்கள் சில நடமாடின. மகரந்தத்தோடு ஒன்றுகூட வரவில்லை.

“தங்கச்சி! இங்க கொஞ்சம் வாயேன்!” என்று கீழேயிருந்து அக்காவின் குரல்.

சந்தில் கூலர் இருந்த இடத்தில் வெறும் தரை இருந்தது. அதற்குமேல், கூலரின் உயரத்துக்குச் சரியாக, காற்றில் தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் முழங்கால் இருந்த உயரத்தில் வந்து, நுழையப் பார்த்து, எதுவுமில்லாமல் பின்வாங்கி, மறுபடி வந்தன. கொஞ்சம் சுவரில் ஒட்டிக் கொத்தாகத் தொங்கத் தொடங்கியிருந்தன. சுருட்டிப்போட்டிருந்த பேனர்மேல் ஒரு கூட்டம். அவற்றின் கால்களில் மஞ்சள் உருண்டைகள் அப்படியே இருந்தன, இறக்கிவைக்க இடமில்லாமல்.

“என்னாடி இது, வூட்டக் காணோம்னு தேடுதுங்க” என்றாள் அம்மா.

“ரெண்டு மாடி மேல ஏறத் தெரியாதா அதுக்கு?” என்று அக்கா என்னைக் கேட்டார். “அவ்வளவு தூரம் பூவத் தேடிப் போகுது வருது.”

“தெரியாதுக்கா. அதுக்கு வாசல் இங்கதான்.”

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உயரமும் ஒரு தூரம். தேனீ பிளானில் பறப்பதில்லை.

மாடிக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ராணி இருந்தது, அடைகளில் புழுக்கள் இருந்தன, அவற்றுக்கு ஊட்டவும் சூடு கொடுக்கவும் ஆள் போதாது. இப்படியே விட்டால் ஒரு வாரத்தில் மேலே இருப்பவை பட்டினியில் போகும், கீழே இருப்பவை ராணியில்லாமல் சுவரிலேயே உதிரும். இரண்டும் சேர வேண்டும், மாலைக்குள்.

வழி இரண்டு இருந்தது. ஒன்று, பெட்டியைக் கூலர் இருந்த இடத்திலேயே இறக்கிவைத்து அங்கேயே விட்டுவிடுவது. மற்றது, இறக்கிவைத்து, எல்லாம் உள்ளே போனதும் அடைத்து, உடையார்பாளையத்துக்கு எடுத்துப்போய் அப்பாவின் தோப்பில் சில வாரம் வைத்திருந்து, பழைய இடத்தை மறந்தபின் என் மாடிக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இரண்டாவது வழியில் தேனீ என்னுடையதாகும். முதல் வழியில் அக்காவுடையதாகும். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“கொண்டா, எனக்கென்ன” என்றார். “ஆனா இப்ப மருந்தடிக்கிற நேரம் பாத்துக்க. முந்திரி பூத்துக் கெடக்கு, பூவுல தேயிலைக் கொசு விழுந்திருக்கு. நம்ம தோப்புல நான் அடிக்கல. பக்கத்துத் தோப்புல நேத்துதான் அடிச்சான், கெழக்கால இன்னைக்கு அடிக்கிறான்.”

“உங்க தோப்புலயே இருக்காதாப்பா?”

“உன் தேனீக்கு நான் வேலி போட முடியுமா?”

போனை வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். அக்கா ஒரு தட்டில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நின்று, பேனரின்மேல் நிழல் விழும்படி ஒரு துண்டைப் பிடித்திருந்தாள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. என் மாடியில் என் பெட்டியைச் சாகவிடலாம், என் அப்பாவின் ஊரில் என் பெயரில் சாகவிடலாம், அல்லது அவருடைய ஜன்னலுக்குக் கீழே உயிரோடு வைக்கலாம். இந்த மூன்றையும் எழுதிப் பார்க்கத் தாள் தேவைப்படவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வெயில் தாழ்ந்ததும் பெட்டியைக் கீழே தூக்கிவந்தேன். பழைய கூலரின் உயரத்துக்கு வர ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, மாப்பிள்ளையின் முழங்கால் எங்கே இருந்ததோ அங்கே வாசல் வரும்படி வைத்தேன். முதல் தேனீ வந்து இறங்கி, வாசலை மோந்துபார்த்து, உள்ளே போனது. பிறகு வாலைத் தூக்கி இறக்கையடித்து மற்றவற்றை அழைக்கும் சில தேனீக்கள் வாசலில் வரிசையாக நின்றன. சுவரிலிருந்த கொத்து கலைந்தது. இருட்டுவதற்குள் எல்லாம் உள்ளே போயிருந்தன.

“வந்துருச்சுங்க வந்துருச்சுங்க” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இங்கயே இருக்கட்டும்ல புள்ள?”

“இருக்கட்டும்க்கா.”

“உனக்கு வருத்தம் ஒண்ணுமில்லயே?”

“இல்லக்கா” என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அன்று அதிசயமாக என்னோடு சேர்ந்தே படியேறி வந்தாள்.

அக்காவின் கணவர் வந்தார். ரிப்பேராகி வந்த கூலர் ஹாலுக்குள் போனது. ஒருநாள் நான் பெட்டியின் கால்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் சற்றுத் தள்ளி நின்று மனைவியிடம் கேட்டது காதில் விழுந்தது.

“இது யாரோடது?”

“நம்மளதுதான். மேல் வூட்டுத் தங்கச்சி அப்பப்ப வந்து சுத்தம் பண்ணிட்டுப் போகும்.”

கிண்ணத்தில் தண்ணீர் வழிந்து என் செருப்பு நனைந்தது.

இப்போது பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் நான் அக்காவைக் கேட்க வேண்டும். “இன்னைக்கு வேணாம் புள்ள, விருந்தாளி வராங்க” என்பார். “வெள்ளிக்கிழமையா? வேணாம், ஜும்மாவுக்கு எல்லாரும் வந்து போவாங்க.” “துணி காயுது, புகை புடிக்கும், அடுத்த வாரம் பாப்பம்.” சில சமயம் அந்த அடுத்த வாரமும் தள்ளிப்போகும். நான் திறக்கும்போது சட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவு தேனீ. பெட்டிக்கு மேல் இரண்டாவது அடுக்கும் ஏற்றியாகிவிட்டது. கைராசி என்கிறாள் அம்மா. அடிக்கடி திறக்காததுதான் காரணம் என்கிறேன் நான். எப்படிப் பார்த்தாலும் பெருமை எனக்கு வருவதில்லை.

அப்படித் திறந்த ஒரு நாளில் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். நெடுநாள் கழித்து அனுப்பிய படம். “எப்புடிடி இது! எனக்குப் பொறாமையா இருக்கு” என்று பதில் வந்தது. அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். படத்தின் ஓரத்தில் தெரிந்த ஜன்னல் என்னுடையது இல்லை என்று நான் எழுதவில்லை.

கம்பெனி பஸ் மாலையில் தெருமுனையில் இறக்கிவிடுகிறது. நான் படியேறுவதற்கு முன் சந்துக்குள் எட்டிப் பார்ப்பேன். வெயில் சாயும் அந்த நேரத்தில்தான் கடைசிக் கூட்டம் திரும்பும், கால்களில் முருங்கைப்பூ மகரந்தத்தோடு. அக்காவும் அம்மாவும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். அக்காவின் முதுகுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. தேனீக்கள் அவர் முந்தானையைச் சுற்றி வளைந்து, தோளுக்குமேல் ஏறி, உள்ளே போகும். அவை அவரைக் கண்டுகொள்வதில்லை. அவரும் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.